கத்தி முனையும் உளி முனையும்

பால்மாத் தகரத்தின் மூடியைத் திறப்பதற்கு ஒரு கரண்டிக் காம்பு போதும் என்பதை அறியாதவர் எவருமிலர். நாமும் அறிவோம். அறிந்திருந்தும், அன்று காலை கரண்டி கைக்கெட்டாத இடத்தில் இருந்தமையாலும், காய்கறி நறுக்கும் கூரிய கத்தி எதிரே கிடந்தமையாலும், அதன் முனையை மூடியின் விளிம்பினுள் செருகி நெம்பினோம். 'டிக்' என்றொரு ஓசை. கத்தியின் நுனி ஒரு நெல்லளவு முறிந்து எங்கோ பறந்தது. தடையற்றுப் போன கை முன்னே பாய்ந்து, தகரத்தின் விளிம்பில் உள்ளங்கை கிழிந்தது. மாத்தளை நகரில் நான்கு தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது, முறிந்த அந்தத் துண்டு கண்ணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் தையலைவிட அதிகமாக நோகச் செய்தது.

நுனி முறிந்த கத்தியை எறிந்துவிட மனம் வரவில்லை. நகரிலிருந்து ரத்தோட்டை செல்லும் பாதையில் எமக்குப் பழக்கமான ஒரு கம்மாலை உண்டு. மண்வெட்டி, கோடரி, கவ்வாத்துக் கத்தி, பால் வெட்டும் கத்தி என்று தோட்டத்து ஆயுதங்களையே தீட்டித் தீட்டி முதுமை எய்திய ஒரு பெரியவர் அங்கே இருக்கின்றார். முனையை மீண்டும் கூராக்கித் தருமாறு கேட்டோம். அவர் கத்தியைப் பார்க்கவில்லை. எமது கைக்கட்டைப் பார்த்தார்.

"என்னாத்த தொறந்தீங்க ஐயா?"

சொன்னோம்.

"கத்தி மேல பிழை இல்லீங்க. இது குத்துற கத்தி. நீங்க கேட்டது நெம்புற வேலை. திரும்பக் கூராக்கிக் கொடுத்தா திரும்பவும் ஒடிப்பீங்க. முனையை வெட்டி உளியாக்கித் தர்றேன், கொண்டு போங்க."

எம் சம்மதத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. சாணைச் சக்கரத்தில் நுனியை நேர்குறுக்காகத் தேய்த்து, அந்தக் குறுக்கு விளிம்பை ஒருபுறம் மாத்திரம் சரிவாகத் தீட்டி, மறுபுறத்தைத் தட்டையாகவே விட்டு, எம்மிடம் நீட்டினார். பார்வைக்கு அழகற்ற பொருள். மூக்கறுந்த கத்தி என்று வீட்டிலுள்ளோர் நகைத்தனர். இது நடந்து ஓராண்டுக்கு மேலாகிறது. அந்த மூக்கறுந்த கத்தி இன்று எம் வீட்டில் எவரும் முதலில் தேடும் பொருளாகிவிட்டது. அதைப் பற்றியும், மாத்தளைச் சீமையில் அதற்குள்ள உறவினர்களைப் பற்றியும் சில கூறவே இக்கட்டுரை.

கத்தி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது கூரிய முனைதான். சித்திரத்தில் கத்தி எழுதும் குழந்தைகூட முனையைக் கூராகவே எழுதும். ஆனால் ஒரு நாள் முழுவதும் நாம் கத்தியைக் கொண்டு செய்யும் வேலைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், குத்தும் வேலை அவற்றுள் மிகச் சொற்பம் என்பது விளங்கும். அறுக்கின்றோம், சீவுகின்றோம், சுரண்டுகின்றோம், நெம்புகின்றோம், பிளக்கின்றோம். அறுப்பதற்கும் சீவுவதற்கும் வேண்டியது பக்கத்து அலகு. சுரண்டவும் நெம்பவும் பிளக்கவும் வேண்டியது அகன்ற முனை. கூர்முனை இந்த மூன்றில் எதற்கும் ஏற்றதன்று. ஆயினும் வேறு கருவி எழுந்து சென்று தேடச் சோம்பி, இவை எல்லாவற்றையும் நாம் கூர்முனையைக் கொண்டே செய்கின்றோம். பிறகு கத்தியை நோகின்றோம்.

ஏன் முறிகின்றது என்பதை மாணவர்கள் கணக்காகவே செய்து பார்க்கலாம். ஒரு தகட்டை வளைக்கும்போது அது முறியாமல் தாங்கும் வலிமை, அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், கனத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். சாதாரணக் கூர்முனைக் கத்தியில், நுனியிலிருந்து 7 மில்லிமீற்றர் உள்ளே அளந்தால் அகலம் 5 மில்லிமீற்றரும் கனம் ஒன்றரை மில்லிமீற்றரும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உளிமுனைக் கத்தியில் அதே தூரத்தில் அகலம் 15, கனம் 3. அகலத்தால் மூன்று மடங்கு. கனத்தால் இரண்டின் வர்க்கமாகிய நான்கு மடங்கு. ஆக, ஒரே உருக்கில் செய்த இரண்டு கத்திகளுள் ஒன்று மற்றையதைவிடப் பன்னிரண்டு மடங்கு தாங்குகின்றது. எமது உள்ளங்கைத் தையலின் காரணம் இந்தச் சிறு பெருக்கலுக்குள் அடங்கிக் கிடந்தது.

இனி, ஒருபுறச் சரிவின் காரணம். தச்சர் வைத்திருக்கும் உளியை எடுத்துப் பாருங்கள். ஒரு முகம் முற்றிலும் தட்டை. மறுமுகம் மாத்திரம் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். தட்டை முகத்தை மரத்தோடு ஒட்டவைத்துத் தள்ளினால், அந்த முகமே உளிக்கு வழிகாட்டியாகி, சமமாகச் சீவிச் செல்லும். சரிவு முகம் சீவலை மேலே தூக்கி ஒதுக்கிவிடும். தூண் பலகையில் ஒட்டிய பழைய கடதாசியையோ, குத்துவிளக்கின் தண்டில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கையோ, சிமெந்துத் தரையில் விழுந்த மெழுகையோ தட்டை முகம் கீழாக வைத்துத் தள்ளிப் பாருங்கள். அடியிலுள்ள பொருளில் கீறல் விழாமல் அழுக்கு மட்டும் உரிந்து வரும். இருபுறமும் தீட்டிய அலகால் அப்படிச் செய்ய இயலாது. அது ஒன்று மேலே வழுக்கும், அல்லது கீழே தோண்டும்.

இந்த இரகசியத்தை மாத்தளை மாவட்டத்தில் எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பட்டையை உரிப்பதும், பட்டையைச் சீவுவதும், பட்டையைத் தூக்குவதுமே இங்கு பலருக்குச் சீவனோபாயம். மலைச் சரிவுகளின் உயரத்தில் தேயிலை. அதற்குக் கீழே கொக்கோ, மிளகு, கராம்பு, சாதிக்காய், இறப்பர். 1880ஆம் ஆண்டில் இருப்புப்பாதை மாத்தளையை எட்டுவதற்கு முன்பே, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த எம்மவர் கோப்பித் தோட்டங்களுக்காகத் திரண்ட இடம் இதுதான். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் வந்த பயிர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கத்தியைக் கூடவே கொண்டு வந்தன.

அக்கத்திகளுள் மிக நுட்பமானது பால் வெட்டும் கத்தி. இறப்பர் இந்நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டிலிருந்து திரட்டப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, 1876ஆம் ஆண்டில் அந்நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்க்கப்பட்டன. ஆனால் மரத்தைக் காயப்படுத்தாமல் பாலை எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். கொத்தப்பட்ட மரம் முண்டும் முடிச்சுமாகி விரைவில் பயனற்றுப் போயிற்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் அதிபராயிருந்த ரிட்லி என்பார் 1890களில் வேறொரு முறையைக் காட்டினார். கொத்தாதே, சீவு என்பதே அது. முதல் வெட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய ஓர் இழையைச் சீவினால் பால் மீண்டும் சுரக்கும். சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும். உலகத்து மோட்டார் வண்டிச் சக்கரங்கள் யாவும் இந்தச் சீவலின் மேல் உருண்டன என்றால் மிகையாகாது.

சீவுவதற்கு வேண்டிய கத்தியின் அலகு பக்கத்தில் இல்லை, நுனியில் இருக்கின்றது. கத்தியின் தண்டு அலகற்றது. அதன் கடைசி முனை ஒரு கால்வாய்போல மடிக்கப்பட்டு, அந்த மடிப்பின் விளிம்பு உளிபோலத் தீட்டப்பட்டிருக்கும். இலங்கைத் தோட்டங்களில் பெரிதும் வழங்குவது 'மிச்சி கொலெட்ஜ்' என்ற பெயருடைய வகை. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கத்தி கையில் நன்றாகவே நுழைந்துவிட்டது.

உக்குவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், விடியற்காலையில், பால் வெட்டும் பெண்மணி ஒருவரின் பின்னே ஒரு மணி நேரம் நடந்து பார்த்தோம். விடியற்காலையே அதற்கு உரிய வேளை; வெயில் ஏறினால் மரத்தினுள் நீர் குறைந்து பாலின் ஓட்டமும் தளரும். இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வெட்டு இறங்குகின்றது. அந்தத் திசையும் ஆராய்ந்து வகுக்கப்பட்டதே. பட்டையினுள்ளே பாற்குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. எனவே இந்தத் திசையில் வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும். அவர் கத்தியை மூன்று நான்கு தடவை சிறுசிறு இழுப்பாக இழுத்தார். ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றே கனத்த பட்டை இழை சுருண்டு விழுந்தது. வெண்பால் கோடாக ஓடிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கியது. அடுத்த மரம். அதற்கடுத்தது.

"எவ்வளவு ஆழம் வெட்டலாம் அக்கா?" என்று கேட்டோம்.

"கத்திக்குத் தெரியுங்க ஐயா. மெத்துன்னு இருக்கிற வரைக்கும் பட்டை. வழவழன்னு பட்டா நின்னுடணும். அதுக்கு மேலே போனா மரத்துக்குக் காயம்."

வழவழப்பு என்று அவர் சொன்னது பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படையை. மரம் பருப்பதும் பட்டை புதுப்பிப்பதும் அந்தப் படையாலேயே. பால் அதிகம் தரும் குழாய்களோ அந்தப் படைக்கு மிக அருகில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே வெட்டு அதைத் தொடவும் கூடாது, அதைவிட்டுத் தூர நிற்கவும் கூடாது. ஒரு மில்லிமீற்றர் தூரம் விட்டு நிறுத்துவதே நல்ல வெட்டு. ஆழம் குறைந்தால் அன்றைய நிறை குறையும். வேதனமும் அதனோடு குறையும். ஆழம் மிகுந்தால் காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டாகக் கட்டும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குக் கத்தி திரும்பி வரும்போது சீவ இயலாது. மரம் நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்து, அடிமரத்தின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் ஆன பின்னரே முதல் வெட்டு. அதன்பின் இருபத்தைந்து ஆண்டு வரை பால் தரவேண்டிய மரம். இத்தனையும் அந்த அகன்ற முனையின் ஒரு மயிரிழைக் கூரில் தொங்குகின்றது. கூர்முனைக் கத்தியால் இவ்வேலையைச் செய்ய நினைப்பவர், முள்ளால் கூரைக்கு ஓலை வேய நினைப்பவரே.

அந்தப் பெண்மணியின் இடுப்பில் ஒரு சிறு தீட்டுக்கல் துணியில் முடிந்திருந்தது. இருபது முப்பது மரங்களுக்கு ஒருமுறை நின்று, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். மழுங்கிய கத்தி சீவாது, நசுக்கும். நசுங்கிய குழாயில் பால் வராது என்று போகிற போக்கில் சொன்னார்.

பட்டையைச் சீவுவது ஒருபுறம் இருக்க, பட்டையைத் தூக்குவது மற்றொரு கலை. மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையத்தைக் கேள்விப்படாத மிளகுச் செய்கையாளர் இங்கு அரிது. நல்ல தாய்மரத்தின் அரும்பை நாற்றின் மேல் ஒட்டும் தொழில் இவ்வூர் நாற்றுமேடைகளில் இன்றும் நடைபெறுகின்றது. ஒட்டுக் கத்தியைப் பார்த்தீர்களானால், அதற்கு இரண்டு முனைகள் இருப்பதைக் காண்பீர்கள். ஒன்று கூரிய அலகு. மற்றொன்று எலும்பாலோ பித்தளையாலோ பிளாத்திக்காலோ ஆன, நாக்குப் போன்ற அகன்ற தட்டை முனை. அலகு பட்டையில் சாளரம்போலக் கோடு கீறும். அந்த நாக்கு பட்டையின் அடியில் நுழைந்து அதைக் கதவுபோலத் திறக்கும். திறந்த இடத்தில் அரும்புடன் கூடிய பட்டைத் துண்டை வைத்து, பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, மூன்று வாரம் கழித்து அவிழ்ப்பர். பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்தது. கறுத்திருந்தால் போயிற்று. பட்டையைத் தூக்கும்போது உள்ளே ஒரு கீறல் விழுந்தாலும், விரல் அழுக்கு ஒட்டினாலும் கறுத்துவிடும். கூர்முனையை அங்கே அண்டவிடாமல் தட்டை நாக்கை வைத்ததன் பொருள் இப்போது விளங்கும்.

கொக்கோப் பறிப்பிலும் இதே நியாயத்தைக் காணலாம். கொக்கோவுக்குப் பூவும் காயும் அடிமரத்திலும் தடித்த கிளையிலும் நேராகவே தோன்றும். காய் பறித்த அதே முண்டிலிருந்தே அடுத்த பூவும் வரும். காயைப் பிய்த்து இழுத்தால் முண்டு கிழியும். அதோடு பல ஆண்டுக் காய்ப்புப் போகும். உயரத்திலுள்ள காயைப் பறிக்கும் நீண்ட கழியின் தலையில், உலகின் பல கொக்கோ நாடுகளில், கொக்கி போன்ற அலகுடன் மேல்நோக்கித் தள்ளி வெட்டும் உளி அலகும் சேர்ந்தே இருக்கும். இழுக்க இடமிருந்தால் இழு; இல்லையேல் தள்ளு. பறித்த காயை உடைப்பதற்கோ கத்தியே வேண்டாம் என்பர் அனுபவசாலிகள். தடியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு பிளக்கும். கூர்க்கத்தி உள்ளே இறங்கி விதையைக் கீறிவிட்டால், கீறிய விதையில் பூஞ்சணம் புகும், விலை இறங்கும்.

கூர்முனைக்கும் ஒரு காலத்தில் இந்த ஊரில் மகத்தான பெருமை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில், அலுவிகாரைக் குகைகளில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த பாளி திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. இன்றும் அங்கே செல்வோருக்குத் தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்து, எழுத்துத் துலங்குவதைக் காட்டுகின்றனர். எம்முடன் வந்த சிறுவன் ஒருவன் எழுத்தாணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதாலே ஓலையை வெட்டலாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வெட்ட இயலாது. அதனாலன்றோ நம் முன்னோர் எழுத்தாணிக்கு மறுமுனையில் கத்தி வைத்தனர்! ஓலையை வாருவதற்குத் தலைப்பில் அலகுள்ளது வாரெழுத்தாணி. கத்தியும் எழுத்தாணியும் ஒரு பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. இன்று பேனாக்கத்தி என்று சட்டைப் பையில் போடுகின்றோமே, அதன் தமிழ் மூதாதை இந்த மடக்கெழுத்தாணியே. கண்டிச் சீமையிலும் சிறு கத்தியையும் எழுத்தாணியையும் வெள்ளிப் பூணிட்ட ஒரே உறையில் செருகி வைத்தனர். அத்தகைய உறைகளை நூதனசாலைகளில் காணலாம். அக்காலத்துக் கொல்லரின் கைத்திறனை 1908இல் வெளிவந்த தம் பெருநூலில் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் வியந்து விரித்திருக்கின்றார். குத்தும் முனைக்கு ஒரு வேலை, வெட்டும் அலகுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, ஒன்றிலேயே எல்லாம் செய்யப் புகுந்தது நாம்தான்.

இன்னும் பின்னே போனால், சிகிரியாக் குன்றை அடுத்த அலகொலவெவப் பகுதியில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்பொருளாய்வாளர் அகழ்ந்து கண்டனர். நாலந்தையில் பல்லவர் சாயலில் நிற்கும் கெடிகேயோ உளிமுனைக்கே ஒரு கோயில். 1970களில் போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் அது மூழ்காமலிருக்க, கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள்.

மேல்நாட்டாரும் முனையை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் வேறு காரணத்துக்காக. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1669இல் உணவு மேசைக் கத்திகளின் கூர்முனையைத் தடைசெய்தான் என்று வரலாறு கூறுகின்றது. விருந்தில் வாய்த்தர்க்கம் முற்றினால் கத்தி எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று நாம் பாணில் வெண்ணெய் பூசும் கத்தி வட்ட முனையோடு இருப்பது அந்த வழக்கத்தின் எச்சமே. கப்பலோட்டிகளின் கத்தியும் முனை மழுங்கியதே. ஆடும் தளத்தில் கூர்முனை எவர்மேல் பாயும் என்று சொல்ல முடியாது. ஜப்பானியத் தச்சரும் மூங்கில் வேலைக்காரரும் 'கிரிடாசி' என்றொரு சிறு கத்தி வைத்திருக்கின்றனர். அதன் அலகு நுனியில், சற்றுச் சாய்வாக, ஒருபுறம் மாத்திரம் தீட்டப்பட்டது. எமது கம்மாலைப் பெரியவர் ஜப்பானைக் கண்டவரல்லர். அவருடைய கத்தியைக் கிரிடாசிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பீர்கள்.

முறிந்த கத்தி நன்றாகவே உழைத்தாலும், அதன் தகடு மெல்லியது. ஆகவே புதிதாக ஒன்று அடித்துத் தருமாறு பெரியவரைக் கேட்டோம். பழைய லொறியின் வில்லுத் தகட்டில் ஒரு துண்டை எடுத்தார். வில்லுத் தகடு உருக்கு. நூற்றுக்கு அரைப் பங்கோ அதற்குச் சற்று மேலோ கரி சேர்ந்தது. ஆகவே தோய்ச்சல் ஏற்கும். சும்மா இரும்பை எத்தனை தடவை தோய்த்தாலும் கூர் நிற்காது. துருத்தி ஊதி, அடித்து நீட்டி, ஒரு சாண் நீளத்தில், பெருவிரல் அகலத்தில் உருவாக்கினார். அதன் பின் அவர் செய்ததைப் பார்ப்பதற்காகவே பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம்.

தகட்டை இலந்தைப்பழச் சிவப்பாகக் காய்ச்சி, முனையை மாத்திரம் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீரில் தோய்த்தார். முனை கறுத்தது, உடல் இன்னும் செந்தணலாகவே இருந்தது. உடனே எடுத்து, முனையை ஒரு செங்கற் துண்டில் தேய்த்து வெளிறாக்கி, கண்ணருகே பிடித்துக்கொண்டு நின்றார். உடலிலிருந்த வெப்பம் மெல்ல முனையை நோக்கி நகர்ந்தது. அது வருவதை நிறத்தால் கண்டோம். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தேன் நிறம், அதற்குப் பின்னே ஊதாவும் நீலமும், வானவில் ஊர்ந்து வருவதுபோல. வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 230 பாகை வெப்பத்தின் அடையாளம். நீலம் 300 பாகையின் அடையாளம். மஞ்சள் விளிம்பைத் தொட்டதும் மீண்டும் நீருக்குள் அமிழ்த்தினார். மஞ்சளில் நிறுத்தினால் முனை கடினம், கூர் நிற்கும். அதற்குப் பின்னுள்ள உடல் நீலம் கண்டமையால் மெதுவாகி, நெம்பினாலும் முறியாது. முழுவதும் கடினமானால் கண்ணாடிபோல உடையும். முழுவதும் மெதுவானால் தகரம்போல வளையும். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை. கண் ஒன்றே கருவி. மின்விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பதற்காகத் தோய்ச்சல் வேலையை அவர் மாலை மங்கலில்தான் செய்வாராம்.

பக்கத்து அலகை இருபுறமும் தீட்டும்படியும், முனையை மாத்திரம் ஒருபுறம் தீட்டும்படியும் கேட்டுக்கொண்டோம். இதில் ஒரு காரணம் உண்டு. ஒருபுறம் தீட்டிய அலகால் பாணையோ பூசணியையோ அறுத்தால், வெட்டு நேராக இறங்காமல் தட்டை முகத்தின் பக்கமாக விலகிச் செல்லும். இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கு இன்னும் தொல்லை. கடையில் விற்கும் ஒருபுறக் கத்திகள் அநேகமாக வலக்கைக்காரருக்கு என்றே தீட்டப்பட்டவை. இடக்கையர் கொல்லரிடம் முன்கூட்டியே சொல்லி, சரிவை மறுபக்கத்தில் வைப்பித்துக் கொள்வது நலம். முனையின் சரிவு 25 பாகை அளவில் இருந்தால் சுரண்டவும் சீவவும் ஏற்றது. விறகுச் சிராய் பிளக்கவும் பலகை நெம்பவும் அதிகம் பயன்படுமாயின் 30 பாகை வரை போகலாம்.

இதனால் வீட்டில் என்னென்ன செய்கின்றோம் என்று கேட்பீர்கள். உடைத்த தேங்காய்ப் பாதியிலிருந்து சொட்டைக் கிளறி எடுக்கின்றோம். கல்லாய் இறுகிய கித்துள் கருப்பட்டியை முனையை வைத்து ஒரு தட்டுத் தட்டி அளவாகப் பிளக்கின்றோம். பெட்டிகளில் ஒட்டிய நாடாவைக் கிழிக்கின்றோம். பலாக்காய் வெட்டிய அரிவாள்மணையில் ஒட்டிய பாலைச் சுரண்டுகின்றோம். மண்வெட்டியில் காய்ந்த சேற்றை நீக்குகின்றோம். பூச்சட்டியில் நாற்றை வேரோடு தூக்குகின்றோம். பலகைமேல் கயிற்றை வைத்து முனையால் நேர்கீழாக அழுத்தினால், அறுக்காமலே துண்டாகிறது. மாணவருக்குப் பென்சில் சீவவும், ஓவிய வகுப்பில் அச்சுக்கட்டை செதுக்கவும் உதவும். ஆயினும் அதைப் பாடசாலைக்குக் கொண்டு செல்லலாகாது. வீட்டு மேசையோடு அது நிற்கட்டும். கத்தி வேலைக்குப் போகும்போது கூடவரலாம், சந்தைக்கும் பேருந்துக்கும் வரவேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மீனின் வயிற்றைக் கீற இது உதவாது. உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டவும், அன்னாசியின் முள்ளை எடுக்கவும், தோலில் துளையிடவும் கூர்முனையே வேண்டும். ஆகவே கூர்க்கத்தியை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டாம். இன்னொரு குறை உறை பற்றியது. கூர்முனை உறையின் அடியில் ஒரு புள்ளியைத்தான் துளைக்கும். உளிமுனையோ அடித் தையல் முழுவதையும் அறுத்துவிடும். எமது முதல் உறை பதினைந்து நாளில் வாய் பிளந்தது. இப்போது அடியில் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துத் தைத்திருக்கின்றோம். அன்றியும், அகன்ற முனை குத்தாது என்ற தைரியத்தில் அதன் முன்னே மறுகையை வைத்துக்கொண்டு தள்ளுவது பெரும் பிழை. தச்சுப் பட்டறைகளில் உளிக்காயம் அநேகமாக இந்த ஒரு பிழையால் நேர்வதே. பிடிக்கும் கை எப்போதும் அலகுக்குப் பின்னாலேயே இருத்தல் வேண்டும்.

தீட்டுவது எளிது. தட்டை முகத்தைக் கல்லின்மேல் முழுவதும் படியவைத்து நாலு இழுப்பு. பிறகு சரிவு முகத்தைச் சரிவு படியுமாறு வைத்துப் பத்து இழுப்பு. மறுபடி தட்டை முகத்தில் ஒரே இழுப்பு. சரிவைத் தீட்டியபோது எழுந்த முறுக்கு விளிம்பு அதில் உதிர்ந்துவிடும். தட்டை முகத்தை ஒருநாளும் தூக்கிச் சாய்த்துத் தீட்டலாகாது. ஒருமுறை செய்தாலும் உளியின் குணம் போய்விடும். அதைத் திருத்த அரை நாள் ஆகும். எமக்கு ஆயிற்று.

சென்ற மாதம் எமது கத்தியை இரவல் வாங்கிச் சென்ற பக்கத்து வீட்டு அம்மாள், மூன்று நாள் கழித்து அதைத் திருப்பித் தந்து, தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். மறுநாள் கம்மாலைக்குச் சென்றோம். பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். உலை ஆறிக் கிடந்தது. துருத்திப் பையன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்டானாம். சொந்த மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகின்றார். ஊதுவதற்கு ஆள் இல்லாமல் ஒற்றைக் கையால் நிறம் பார்ப்பது எப்படி என்று கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, வில்லுத் தகட்டின் மீதித் துண்டுகள் மூலையில் கிடப்பதைக் காட்டி, "இன்னும் ரெண்டு கத்திக்கு வரும் ஐயா" என்றார்.

வருகின்ற ஞாயிறு மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், துருத்தி ஊத நாமே வருவதாகச் சொல்லியிருக்கின்றோம்.